நாளுக்கா, நிமிடத்துக்கா, மொத்தமாகவா? மதுரையில் தனியாளாக வீடியோ எடுப்பவர் ரேட் சொல்லும் வழிகள்

மதுரையில் தனியாளாகவோ, கூட ஓர் அசிஸ்டென்ட்டை வைத்துக்கொண்டோ வீடியோ எடுத்துக் கொடுப்பவர்கள் ரேட் சொல்வதற்கு ஐந்து வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளுக்கு இவ்வளவு என்பது ஒன்று. முடிந்த வீடியோவின் நீளத்தைப் பார்த்து நிமிடத்துக்கு இவ்வளவு என்பது இன்னொன்று. எடிட்டிங்கை மட்டும் மணிக்கணக்கில் செய்பவர்கள் உண்டு. மொத்தமாகப் பேசி, பேக்கேஜ் என்று ஒரே தொகை சொல்வதுதான் இங்கே அதிகம். துணிக்கடை, மருத்துவமனை, கல்லூரி என்று போனால் மாதத்துக்கு இவ்வளவு என்ற பேச்சும் நடக்கிறது.

எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: அந்த வேலையில் நேரம் யார் கையில் இருக்கிறது? வாடிக்கையாளர் கையில் இருந்தால் நாள் கணக்கு. நம் கையில் இருந்தால் மொத்தத் தொகை. நிமிடக் கணக்கை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம். ஒரே ஒரு வகை வேலைக்கு மட்டும் அது பொருந்தும். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு கணக்கு போட்டாக வேண்டும்.

ஒரு நாளின் அடக்க விலை

எந்த வழியில் ரேட் சொன்னாலும் அதற்கு அடியில் ஓர் எண் இருக்க வேண்டும். நீங்கள் ஒரு நாள் வேலை செய்ய உங்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அது. பலர் பக்கத்து ஸ்டுடியோக்காரர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்து அதில் ஐந்நூறு குறைத்துச் சொல்கிறார்கள். அவருடைய கேமராக் கடன் முடிந்துவிட்டதா, கடை சொந்தக் கட்டடமா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

கணக்குக்கு வசதியாக இருக்கட்டும் என்று சில எண்களைப் போடுகிறேன். உங்களுடையதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கேமரா, லென்ஸ், மைக், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடத்தில் இவற்றை மாற்ற வேண்டியிருக்கும். அப்படியானால் மாதம் 12,500 ரூபாய் சத்தமில்லாமல் தேய்கிறது. கே.புதூர் பக்கம் ஓர் அறைக்கு வாடகை 9,000. கரன்ட், நெட் 3,000. எடிட்டிங் மென்பொருள், இசைச் சந்தா 3,000. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் வேலை செய்பவர்களுக்கு இது குறையும். ஹார்டு டிஸ்க் 2,500. பெட்ரோல், போன், சில்லறைச் செலவு 5,000. வீட்டுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய சம்பளம் 35,000. இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதே இல்லை, மிச்சம் இருந்தால் அதுதான் சம்பளம் என்று விட்டுவிடுகிறார்கள். கூட்டினால் மாதம் 70,000.

இதை 30 ஆல் வகுத்தால் நாளுக்கு 2,333 வரும். 2,500 கேட்டாலே லாபம் என்று தோன்றும். மாதத்தில் முப்பது நாளும் யார் காசு கொடுத்து வேலை வாங்குகிறார்கள்? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. மற்ற மாதங்களில் கடை கடையாக ஏறி இறங்குவது, கொட்டேஷன் போடுவது, பேலன்ஸ் கேட்டு அலைவது என்று நாட்கள் போகும். வருடம் முழுக்கச் சராசரி எடுத்தால் காசு வரும் நாள் மாதத்துக்கு 12 என்று வைப்போம். 70,000 ஐ 12 ஆல் வகுத்தால் 5,833. இது வெறும் அடக்கம். லென்ஸ் கீழே விழுவது, ஒரு மாதம் ஆர்டரே இல்லாமல் போவது எல்லாவற்றுக்கும் சேர்த்து மேலே கொஞ்சம் வைத்தால் 7,500. இனி வரும் கணக்குகளில் எல்லாம் ஒரு நாள் என்றால் இந்த 7,500 தான். ஷூட் நாளும் ஒரு நாள்தான், எடிட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் நாளும் ஒரு நாள்தான்.

இந்த எண் சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உங்களிடம் இருக்கும் அதே கேமரா, லென்ஸ், லைட்டை வாடகைக்கு எடுத்தால் ஒரு நாளுக்கு என்ன ஆகும் என்று விசாரியுங்கள். நீங்கள் சொல்லும் ரேட்டில் அந்த வாடகையைக் கழித்த பிறகு கையில் நிற்பது ஒரு கொத்தனார் கூலிக்கும் கீழே இருந்தால், கேமராவை இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நாள் கணக்கு எங்கே பொருந்தும்

சித்திரைத் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். அழகர் மலையிலிருந்து கிளம்பி மதுரைக்கு வரும் வழி நெடுக மண்டகப்படிகள். மூன்றுமாவடியில் எதிர்சேவை, அப்புறம் தல்லாகுளம், அதற்கப்புறம்தான் ஆறு. பரம்பரையாக மண்டகப்படி வைத்திருக்கும் குடும்பம் ஒன்று, தங்கள் மண்டபத்தில் சாமி எழுந்தருளுவதை நல்ல வீடியோவாக எடுத்து வெளியூர்ச் சொந்தங்களுக்கு அனுப்ப விரும்புகிறது. "சாமி பத்து மணிக்கெல்லாம் வந்துரும் தம்பி" என்பார் பெரியவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் எப்படி இருக்கிறது, முந்தைய மண்டபத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்பதை வைத்துத்தான் பல்லக்கு நகரும். பத்து மணி பன்னிரண்டரை ஆகும். இதற்கிடையில் சல்லடமும் தலைப்பாகையும் கட்டிய பக்தர்கள் தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வருவார்கள். லென்ஸைத் துடைத்துத் துடைத்தே துணி நனைந்துபோகும். மழை உறை, கூடுதல் பேட்டரி, தலைகளுக்கு மேலே கேமராவைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள், இத்தனையும் வேண்டும். கடைசியில் சாமி மண்டபத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான்.

இதற்கு நீளத்தைப் பார்த்து ரேட் சொன்னால் கட்டாது. மொத்தத் தொகை என்று பேசினால், காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் கையிலிருந்து போகும். நேரம் அழகர் கையில் இருக்கிறது. எனவே நாள் கணக்கு.

நாள் என்றால் எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதிவிட வேண்டும். சினிமாக்காரர்கள் பாணியில் எட்டு மணி நேரம் ஒரு கால்ஷீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் நேரமா, இடத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரமா என்பதையும் சொல்லிவிடுங்கள். எட்டைத் தாண்டினால் மணிக்கு ஒன்றரை மடங்கு: 7,500 ஐ எட்டால் வகுத்தால் 937, ஒன்றரை மடங்கு சுமார் 1,400. அரை நாள் ஷூட்டுக்குப் பாதி ரேட் வாங்காதீர்கள். காலையில் ஒரு மணி வரை ஒருவரிடம் வேலை பார்த்தால் மிச்ச அரை நாளை யாரும் வாங்கப் போவதில்லை. எழுபது சதவீதமாவது வாங்க வேண்டும். மாட்டுத்தாவணிக்கும் ஆரப்பாளையத்துக்கும் நடுவே போக்குவரத்துச் செலவு கேட்க வேண்டாம். உசிலம்பட்டி, மேலூர் என்றால் வண்டிச் செலவு தனி. கொடைக்கானலுக்கு அவுட்டோர் என்றால் தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் செலவு, அசிஸ்டென்ட்டுக்குப் பேட்டா தனி.

உசிலம்பட்டிப் பக்கத்துக் காதணி விழாவும் இந்த வகைதான். தாய்மாமன் சீர் ஊர் எல்லையில் இருந்து மேளம், வெடியோடு கிளம்பும். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்கள் வரிசை தெரு முழுக்க நிற்கும். மாமன் எப்போது வருகிறாரோ அப்போதுதான் காது குத்து. மொய் எழுதும் மேசை அதற்கப்புறமும் ஓடும். "கடைசி ஆள் வரைக்கும் எடுத்துருங்கப்பா" என்பார்கள். எட்டு மணி நேரக் கணக்கை முன்கூட்டியே சொல்லியிருந்தால் இதற்கு மனம் கோணாமல் தலையாட்டலாம்.

இந்த விழாக்களில் வேறொரு சிக்கலும் இருக்கிறது, அதையும் ரேட்டோடு சேர்த்தே பேச வேண்டும். ஆர்டர் கொடுத்தது பிள்ளையின் அப்பா. ஒரு வாரம் கழித்துத் தாய்மாமன் போன் போட்டு, "சீர் வர்ற பகுதியை மட்டும் தனியா ஒரு வீடியோவாக் குடுத்துருங்க, எம்புட்டு வேணும்?" என்று கேட்பார். ஷூட்டுக்குக் காசு வந்துவிட்டது, இது எடிட்டிங் வேலை மட்டும், ஒரு நாள் ரேட் போதும். ஆனால் காசு வாங்குவதற்கு முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அது மரியாதைக்காக மட்டும் இல்லை. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17 ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டு, காசும் கொடுத்து எடுக்கப்பட்ட வீடியோவின் முதல் உரிமையாளர் அந்த ஒருவர்தான், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரை. எடுத்தவன் நான், எனவே என்னுடையது என்ற நினைப்பு இந்தத் தொழிலில் நிறையப் பேருக்கு இருக்கிறது. உங்கள் விளம்பரத்துக்காக அந்தக் காட்சிகளை இன்ஸ்டாகிராமில் போட வேண்டுமானாலும் கொட்டேஷனிலேயே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. போடக் கூடாது என்பவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பதிலும் தப்பில்லை.

நாள் கணக்கின் குறை என்ன? வாடிக்கையாளருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும், இவன் எத்தனை நாள் இழுப்பான் என்று. ஷூட்டில் அவர் கண் முன்னே நிற்கிறீர்கள், பிரச்சினை இல்லை. எடிட்டிங்குக்கும் நாள் கணக்கு சொன்னால் நம்ப மாட்டார். அதோடு, வேலையில் கை தேறத் தேற நீங்கள் சீக்கிரம் முடிப்பீர்கள், வருமானம் குறையும். எனவே நாள் கணக்கு ஷூட்டோடு நிற்கட்டும்.

நிமிடக் கணக்கு

"நிமிஷத்துக்கு ஆயிரம்" என்று சொல்வது கேட்க எளிமையாக இருக்கும். வாடிக்கையாளருக்குச் சட்டென்று புரியும். அதன் நன்மை அவ்வளவுதான்.

அலங்காநல்லூரில் தன் காளை அவிழ்த்துவிடப்படுவதை வீடியோ எடுக்கச் சொல்லும் மாட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்பே போய் இடம் பிடிக்க வேண்டும். டோக்கன் வரிசையில் அவர் மாடு எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாது. மதியமும் ஆகலாம். வாடிவாசலைத் தாண்டிக் காளை பாய்வதும், திமிலைப் பிடித்த கையை உதறிவிட்டு ஓடுவதும் சில நொடிகள். அந்தச் சில நொடிக்கு ஒரு முழு நாளும், தவறவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்ற பொறுப்பும் இருக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரம் என்றால் அவர் உங்களுக்கு முந்நூறு ரூபாய் தர வேண்டியிருக்கும்!

விளம்பர வேலையிலும் இதே கதைதான். முப்பது நொடி விளம்பரம் எடுப்பது மூன்று நிமிடம் ஒருவரை உட்கார வைத்துப் பேச வைப்பதைவிடக் கடினம். "அஞ்சு நிமிஷம் ரொம்ப நீளமா இருக்கு, மூணாக் குறைச்சிருங்க, ரேட்டும் குறையும்ல?" என்று கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார். அவரிடம் நிமிடக் கணக்கைச் சொன்னது நாம். குறைப்பது கூடுதல் வேலை என்று அந்த நேரத்தில் விளக்கப் போனால் ஏமாற்றுவது போல இருக்கும். இன்னொன்று, நிமிடத்துக்குக் காசு என்றால் நமக்கே வெட்ட மனம் வராது. வீடியோ இழுக்கும்.

நிமிடக் கணக்கு பொருந்தும் அந்த ஒரே வேலை: கல்லூரி விரிவுரை, கோயில் சொற்பொழிவு, டியூஷன் வகுப்பு போன்றவற்றை எடிட் செய்வதும் அவற்றுக்குச் சப்டைட்டில் போடுவதும். எடுத்தது எவ்வளவோ, முடிவில் வருவதும் ஏறக்குறைய அவ்வளவு. ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரே மாதிரி உழைப்பு. அங்கேகூட, முடிந்த வீடியோவின் நிமிடத்தை எடுக்காமல், உங்களிடம் வந்த ஃபுட்டேஜின் நிமிடத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மணிக்கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் இன்னொரு தயாரிப்பாளருக்கு எடிட் செய்து கொடுத்தால் அது சரிவரும், அவருக்கு வேலை தெரியும். உள்ளூரில் ஒரே ஒரு சமயத்தில் கை கொடுக்கும்: "நான் பக்கத்துல உக்காந்து எடிட் பண்ணணும் தம்பி" என்று வருபவர்களுக்கு. அப்போது நேரம் அவர் கையில். தாராளமாக உட்காரட்டும், டீயும் வாங்கிக் கொடுங்கள், கடிகாரம் ஓடட்டும்.

மொத்தத் தொகை

கடை விளம்பரம், நிறுவன அறிமுகம், பொருள் தயாரிப்பு வீடியோ ஆகியவற்றுக்கு இதுதான் என் தேர்வு. என்ன எடுப்பது, எப்போது எடுப்பது, எப்படி வெட்டுவது எல்லாம் நம் திட்டத்தில் இருக்கிறது. வேகமாக முடித்தால் லாபம் நமக்கு. வாடிக்கையாளருக்கும் ஒரே எண், தூக்கம் கெடாது.

ஒரு சுங்குடிச் சேலை வியாபாரி இரண்டு நிமிட வீடியோ கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுங்குடிக்கு 2005 ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி ஆன்லைனில் விற்க அவருக்கு வீடியோ வேண்டும். வீட்டுத் திண்ணையில் பெண்கள் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போடுவது ஒரு காட்சி. நகக் கண்ணளவு முடிச்சு, எனவே க்ளோசப் லென்ஸ் வேண்டும், வெளிச்சமும் நன்றாக வேண்டும். சாயத் தொட்டி இன்னொரு காட்சி. காய்ந்த துணியை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து இழுக்க, முடிச்சுகள் படபடவென்று அவிழ்ந்து வெள்ளைப் புள்ளிகள் தெரிவது மூன்றாவது. உண்மையில் அந்த மூன்றாவது காட்சிதான் வீடியோ. அதை இரண்டு மூன்று சேலையில் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் அவிழ்த்த முடிச்சை மறுபடி போட முடியாது. கடைசியில் கடையும் மாடல் கட்டிய சேலையும்.

பேசித் திட்டம் போட அரை நாள், ஷூட் ஒன்றரை நாள், எடிட்டிங் இரண்டு நாள், கரெக்‌ஷன் ஒரு நாள். மொத்தம் ஐந்து நாள், 37,500. அசிஸ்டென்ட் பேட்டா, லைட் வாடகை, குரல் கொடுப்பவர், இசை உரிமம், வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து 10,000 என்று வைப்போம். 47,500. வெயில் இல்லாமல் துணி காயாத நாளுக்காகப் பத்து சதவீதம் சேர்த்தால் 52,250. கொட்டேஷனில் 52,000.

"என்னப்பா, ரெண்டு நிமிஷ வீடியோவுக்கு இம்புட்டா? கல்யாணத்துக்கே இம்புட்டு ஆகாதே!" என்று அண்ணாச்சி கேட்பார். இந்த இடத்தில் ரேட்டைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "அண்ணாச்சி, குரல் வேண்டாம், எழுத்திலேயே காட்டிருவோம். சாயப்பட்டறையையும் முடிச்சுப் போடுறதையும் ஒரே நாள்ல, ஒரே இடத்துல வச்சுக்கிட்டா நாற்பதுக்கு வரும்." எதை விட்டால் எவ்வளவு குறையும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் பேரம் வேறு திசையில் போகும். சும்மா ஐயாயிரம் குறைத்தால், முதலில் சொன்னது ஏமாற்று என்று நீங்களே ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும்.

சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ் அட்டை அடித்து வைத்திருக்கிறார்களே, அது கல்யாணத்துக்குச் சரி. என்னென்ன வரும் என்று எல்லோருக்கும் தெரிந்த வேலை அது. கேட்டு வாங்கும் விளம்பர வேலைக்கு அது ஒத்து வராது.

மொத்தத் தொகையை அழிப்பது கரெக்‌ஷன்தான். முதலாளி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார், அவர் மகன் அதற்கு நேர்மாறாக ஒன்று அனுப்புவார், துபாயில் இருக்கும் மச்சான் பார்த்துவிட்டு மூன்றாவது கருத்துச் சொல்வார். இங்கே, நம் கையில் இருந்த நேரம் சத்தமில்லாமல் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. போனால் கணக்கும் மாற வேண்டும். கொட்டேஷனில் இப்படி எழுதலாம்: இரண்டு முறை கரெக்‌ஷன் இந்தத் தொகைக்குள். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் சேர்த்து, வீடியோவில் எத்தனையாவது நொடி என்று குறித்து, ஒரே ஆள் அனுப்ப வேண்டும். மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றும் அரை நாள், 3,750. நாம் பெயரைத் தப்பாக அடித்திருந்தால் அது கணக்கில் வராது, அது நம் வேலை. புதிதாக வந்த சேலையையும் சேர்க்கச் சொன்னால் அது கரெக்‌ஷன் இல்லை, புது ஷூட்.

தொகைக்கு வெளியே தனி வரியாக நிற்க வேண்டியவை மூன்று. ஒன்று இசை. விளம்பரத்தில் சினிமாப் பாட்டைப் போட உரிமம் வேண்டும். போட்டால் யூட்யூபே கண்டுபிடித்து உரிமைக்காரருக்குச் சொல்லிவிடும். கல்யாண வீடியோவில் பாட்டு ஓடியதைப் பார்த்துப் பழகிய கடைக்காரருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு, டிரோன். 2021 ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராமைத் தாண்டிய டிரோனைத் தொழிலுக்குப் பயன்படுத்தப் பதிவும் வேண்டும், ஓட்டுபவருக்குச் சான்றிதழும் வேண்டும். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேலே போக அனுமதி தேவை, அதைவிட நெருங்கினால் இன்னும் கெடுபிடி. மதுரை நகரின் மையம் இந்த 12 கிலோமீட்டருக்குள்தான் வருகிறது. டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல், "ஹெலிகேம் ஃப்ரீ" என்று வாய் விடாதீர்கள்.

மூன்று, ஃபுட்டேஜ். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். இரண்டு கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 540 ஜி.பி. பாதுகாப்புக்கு இரண்டு பிரதி வைத்தால் ஒரு டெராபைட்டைத் தாண்டிவிடும், அதுவும் ஒரே ஒரு விழாவுக்கு. மூன்று மாதம் வைத்திருப்போம், அதற்குமேல் வேண்டுமென்றால் ஹார்டு டிஸ்க் வாங்கிக் கொடுங்கள் என்று எழுதுங்கள். எடிட் செய்யாத ஃபுட்டேஜ் முழுவதும் கேட்டால் அது தொகைக்குள் அடங்குமா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

மாத ஒப்பந்தம்

மாதம் எட்டு ரீல்ஸ் வேண்டும் என்று அண்ணா நகர்ப் பக்கம் ஒரு மருத்துவமனை கேட்கிறது என்று வைப்போம். ஒரு நாளில் எட்டுக்கும் ஷூட்டை முடித்துவிடலாம், டாக்டர்கள் சொன்ன நேரத்துக்கு உட்கார்ந்தால். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் எடிட்டிங் என்றால் நான்கு நாள். ஐந்து நாளுக்கு 37,500. ஆடியிலும் காசு வரும் என்ற நிம்மதிக்காகப் பத்து சதவீதம் விட்டுக்கொடுத்து 34,000 க்கு ஒத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் விட்டுக்கொடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இது நல்ல வழிதான், ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். டாக்டர் நேரம் தராமல் இந்த மாதம் நான்கு ரீல்ஸ்தான் ஆயிற்று என்றால், மிச்ச நான்கும் அடுத்த மாதத்தில் பன்னிரண்டாக வந்து நிற்கும். ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப் போகாது என்று எழுதிவிடுங்கள். அப்புறம், "நம்ம ஆள்தானே" என்று நிர்வாகி வீட்டுப் பிறந்த நாளுக்கும் கூப்பிடுவார்கள். போய் எடுங்கள், பில்லும் போடுங்கள். மாத வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வரும்படி விடவும் கூடாது. அவர்கள் நிறுத்திய மாதம் உங்கள் வாடகை நிற்கும்.

நிறுவனங்கள் டி.டி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஒப்பந்த வேலை என்று எடுத்துக்கொண்டால் தனிநபருக்கு 1 சதவீதம், தொழில்முறைக் கட்டணம் என்று எடுத்துக்கொண்டால் 10 சதவீதம். 34,000 இல் 3,400 கழிந்து வந்தால் பதற வேண்டாம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அது உங்கள் கணக்கில் வரும். ஆனால் மாதக் கைச்செலவுக்கு அந்தப் பணம் இருக்காது என்பதை முன்பே கணக்கில் வையுங்கள்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் மாத ஒப்பந்தம் ஒரு திருப்பத்தைக் கொண்டுவரும். சேவைத் தொழிலுக்கு வருட விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம், நம் வேலைக்கு 18 சதவீதம். பதிவு பெற்ற கடைக்காரர் நாம் போடும் வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வார், அவருக்கு வலிக்காது. காதணி விழா வைக்கும் குடும்பத்துக்கு அப்படி வழி இல்லை. 52,000 அவர்களுக்கு 61,360 ஆகும். இருபது லட்சத்தை நெருங்குகிறீர்கள் என்றால், குடும்ப விழாக்களை நம்பித் தொழிலைப் பெருக்குவதா, நிறுவன வேலைக்குச் சாய்வதா என்று யோசிக்க வேண்டிய கட்டம் அது. மாதம் 1.66 லட்சம் என்பதுதான் அந்தக் கோடு.

காசு வரும் வரிசை

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், தொகை எவ்வளவு என்பதைப் போலவே எப்போது வரும் என்பதும் முக்கியம். குடும்ப விழாவுக்கு அட்வான்ஸ் 40 சதவீதம், விழா அன்று காலை 50, வீடியோ கொடுக்கும்போது 10. அன்று காலை என்பதில் பிடிவாதமாக இருங்கள். "மொய்ப்பணம் எண்ணி முடிச்சதும் தர்றேன்" என்பதை ஒப்புக்கொண்டால், சமையல்காரர், பந்தல்காரர், மேளக்காரர் எல்லோருக்கும் பின்னால் நிற்பீர்கள். விளம்பர வேலைக்கு ஷூட்டுக்கு முன் 50, ரஃப் கட், அதாவது முதல் எடிட், காட்டியதும் 40, கடைசியில் 10. ரஃப் கட்டில் குறுக்கே உங்கள் பெயர் ஓடட்டும்.

கல்லூரி, மருத்துவமனை போன்ற இடங்களில் பில் மேசை மேசையாகப் போகும். உத்யம் என்ற குறு, சிறு தொழில் பதிவைச் செய்து, அந்த எண்ணைப் பில்லில் போட்டுவிடுங்கள். குறு, சிறு தொழிலுக்கான 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு தவறினால், பணத்தை உண்மையில் கொடுக்கும் வரை நிறுவனம் அதைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இதனால் மார்ச் மாதத்தில் கணக்குப் பிரிவிலிருந்து அவர்களே போன் செய்வது உண்டு.

ரேட் ஏற்றுவதை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் குறைவு, உட்கார்ந்து அந்த 70,000 கணக்கை மறுபடி போட நேரம் இருக்கும். போன வருடம் காசு வந்த நாட்கள் உண்மையில் பன்னிரண்டுதானா என்று பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிடலாம். பழைய வாடிக்கையாளர்களுக்கு ஆவணி புக்கிங் தொடங்கும் முன் வாட்ஸ்அப்பில் புது ரேட்டை அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும் பழைய ரேட்.